கூரை ஏற ஏணி எங்கே?

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம் என்பது பழமொழி. உலகச் சுற்றுப்புறச் சூழல் பற்றி இளைஞர்கள் வாய் திறந்தால் பெரியவர்கள் உடனே எடுத்து வீசுவது இந்தப் பழமொழியைத்தான். பாரிஸ் ஒப்பந்தம் என்கிறார்கள், ஒன்றரை டிகிரி என்கிறார்கள், கரியமில வாயு என்கிறார்கள். வாசலில் கிடக்கும் குப்பையை எடுத்துப் போடத் தெரியாத பிள்ளைகளுக்கு உலகத்தைப் பற்றி என்ன பேச்சு என்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தந்தைமார்கள் கேட்கிறார்கள்.

கேள்வியில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஊர்வலம் முடிந்த இடத்தில் காலி பாட்டில்கள் சிதறிக் கிடப்பதைக் கண்டவர்கள் உண்டு. கிளாஸ்கோவிலும் துபாயிலும் என்ன தீர்மானம் நிறைவேறியது என்று ஒப்பிக்கும் கல்லூரி மாணவர், தன் வீட்டுக் குப்பை எந்த லாரியில் ஏறி எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் விழிப்பதும் உண்டு.

ஆனால் நடந்திருப்பவற்றை நிதானமாகப் பார்த்தால் பழமொழி தலைகீழாகிப் போயிருப்பது தெரியும். வானம் ஏறுவதற்கு இளைஞர்களுக்கு ஏணி கிடைத்துவிட்டது. கூரை ஏறுவதற்குத்தான் கிடைக்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் மகாநாட்டில் அவர்களுக்கு நாற்காலி இருக்கிறது. அவர்கள் குடியிருக்கும் வார்டின் ஆபீசில் இல்லை. இளைஞர்களின் பேச்சு வெறும் பேச்சாகவே நின்றுவிடுகிறது என்று குறை சொல்லுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த வேடிக்கையைத்தான்.

உலக சபையில் கிடைத்த இடம்

1972 ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சபை மனிதச் சூழல் பற்றிய முதல் பெரிய மகாநாட்டைக் கூட்டியபோது, அது அரசாங்கங்களின் மகாநாடாகவே இருந்தது. இந்தியாவின் பிரதமர் இந்திரா காந்தி அங்கு சென்று, வறுமையையும் சூழல் கேட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று வாதாடினார். இருபது ஆண்டுகளுக்குப் பின் 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய மகாநாட்டில், கனடாவிலிருந்து வந்திருந்த செவர்ன் சுசுகி என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி பல நாட்டுப் பிரதிநிதிகளின் முன் நின்று பேசினாள். அந்த மகாநாடு வெளியிட்ட செயல் திட்டத்தின் 25-ஆவது அத்தியாயம் முழுவதும் குழந்தைகளையும் இளைஞர்களையும் பற்றியதாகும். தங்கள் எதிர்காலத்தைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று அது எழுத்தில் வைத்தது.

ஆண்டுதோறும் நடைபெறும் பருவநிலை மகாநாடுகளில் வர்த்தகர்களுக்கும் விவசாயிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இருப்பதுபோல் இளைஞர்களுக்கும் ஒரு தனிப் பிரிவு 2011-ல் முழு அங்கீகாரம் பெற்றது. ஆக, உலக அரங்கில் இளைஞர் பேச்சு இன்று சலுகையன்று. முறைப்படி ஏற்கப்பட்ட ஒன்று.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மகாநாட்டில் பேசிய வினிஷா உமாசங்கர் திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி. உலகத் தலைவர்களிடம் கண்டிப்பாகவே பேசினார். அவரை அங்கே கொண்டு நிறுத்தியது எது? தன் தெருவில் சலவைத் துணிக்குப் பெட்டி போடும் தொழிலாளி கரியைக் கொட்டி நெருப்பு மூட்டுவதையும், அந்தக் கரி எரித்த மரத்தையும், அது எழுப்பும் புகையையும் கவனித்து, சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டி ஒன்றை அவர் வகுத்தார். தெருவைப் பார்த்ததால் உலகம் அவரைப் பார்த்தது. கூரையும் வானமும் வேறு வேறு திசையில் இருப்பவையல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

தீவு மாணவர்கள் தட்டிய கதவு

இதற்கும் மேலான உதாரணம் பசிபிக் கடலில் இருக்கிறது. வனுவாட்டு என்பது கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் பாதிக்கப்படும் சிறு தீவு நாடுகளில் ஒன்று. அங்குள்ள தென் பசிபிக் பல்கலைக் கழக வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள் 2019-ல் வகுப்பறையில் ஒரு கேள்வியை விவாதித்தனர். காற்றைக் கெடுக்கும் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன பொறுப்பு என்பதைச் சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன என்பதுதான் அந்தக் கேள்வி.

வகுப்பறையோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு அது. முடியவில்லை. காரணம், மாணவர்கள் நேரே ஹேக் நகருக்குப் போகவில்லை. தங்கள் தீவு நாடுகளின் அரசாங்கங்களுக்கு எழுதினர். வனுவாட்டு சர்க்கார் அதை ஏற்றது. ஏற்ற சர்க்கார் மற்ற நாடுகளைத் திரட்டியது. 2023 மார்ச் 29-ஆம் தேதி ஐ.நா. பொதுச் சபை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23-ஆம் தேதி சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை ஏகமனதாக வழங்கியது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் விருப்பமல்ல, சட்டப்படியான கடமை. தவறினால் நஷ்ட ஈடு வரை கேட்கப்படலாம் என்பது அதன் சாரம். ஆறே ஆண்டுகளில் ஒரு வகுப்பறைப் பேச்சு உலகத்தின் உச்ச நீதிபீடத்தை எட்டியது. முதலில் தட்டியது சொந்த ஊர்க் கதவை என்பதையும் அது திறந்தது என்பதையும் மறக்கலாகாது.

சொந்த ஊர்க் கதவு திறக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. ஹரித்வாரைச் சேர்ந்த ரிதிமா பாண்டே என்ற சிறுமி, பருவநிலை மாற்றத்தைத் தடுக்க மத்திய அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தாள். சர்வதேச ஒப்பந்தங்கள் அரசின் கொள்கைகளில் ஏற்கெனவே இடம் பெறவில்லை என்று கருதக் காரணமில்லை எனத் தீர்ப்பாயம் 2019 ஜனவரியில் மனுவைத் தள்ளியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவளும் பல நாடுகளைச் சேர்ந்த பதினைந்து பேரும் ஐந்து நாடுகளின் மீது ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவிடம் புகார் செய்தனர். குழு 2021 அக்டோபரில் பதில் சொன்னது: எல்லை தாண்டிப் பரவும் புகைக்கு நாடுகள் பொறுப்பாகக் கூடும் என்பது உண்மையே, ஆயினும் புகாருக்குள்ளான நாடுகளின் நீதிமன்றங்களில் முதலில் பரிகாரம் தேடவில்லையாதலால் புகாரை விசாரணைக்கு ஏற்க இயலாது.

உள்நாட்டுத் தீர்ப்பாயம், உலகம் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் இருக்கிறது என்றது. உலகக் குழு, உள்ளே போய் முறையிட்டுவிட்டு வா என்றது. உலகத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வோர் இளைஞரும் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் உள்ளூர் நடைமுறைதான்.

ஆரே கற்பித்த பாடம்

மும்பைவாசிகளுக்கு இந்தப் பாடம் புதிதன்று. ஆரே காலனி அதை விலை கொடுத்துக் கற்பித்தது.

நகரத்தின் பால் பண்ணைகளுக்காக 1949-ல் ஒதுக்கப்பட்ட ஆரே, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய பசுமைப் பரப்பு. வார்லி முதலிய பழங்குடியினரின் குடியிருப்புக்கள் அதனுள் இருக்கின்றன. கொலாபாவிலிருந்து சீப்ஸ் வரை 33.5 கிலோ மீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் செல்லும் மெட்ரோ ரெயிலுக்குப் பணிமனை அமைக்க அங்கே இடம் குறிக்கப்பட்டது. 2014 முதலே சிலர் அதை எதிர்த்து வந்தனர். 2019 ஆகஸ்டு 29-ஆம் தேதி மாநகராட்சியின் மர ஆணையம் 2,185 மரங்களை வெட்டவும் 461 மரங்களைப் பெயர்த்து நடவும் அனுமதி அளித்தது. பல்லாயிரக் கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன. செப்டம்பரில் உலகெங்கும் மாணவர்கள் பருவநிலைக்காக வேலை நிறுத்தம் செய்த அதே வாரங்களில், மும்பை மாணவர்கள் ஆரேயில் கைகோத்து நின்றனர். உலகப் பேச்சும் உள்ளூர்ச் செயலும் ஒரே இடத்தில் சந்தித்த நேரம் அது.

அக்டோபர் 4-ஆம் தேதி பம்பாய் ஹைகோர்ட் மனுக்களைத் தள்ளியது. அன்றிரவே மரம் வெட்டத் தொடங்கினர். தடுக்கப் போனவர்களில் 29 பேர் கைதாயினர். அவர்களில் மாணவர்களும் இருந்தனர். சட்ட மாணவர்கள் சிலர் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினர். தசரா விடுமுறையிலும் கோர்ட் கூடியது. கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 7-ஆம் தேதி, மேற்கொண்டு வெட்டக் கூடாதென்று உத்தரவிட்டது. ஒரு கடிதத்தின் வலிமை அது. ஆனால் அதற்குள் 2,141 மரங்கள் சாய்ந்துவிட்டன.

கடிதம் மூன்று நாள் முன்னால் போயிருக்கலாகாதா என்று கேட்பது எளிது. மூன்று ஆண்டு முன்னால் இந்தக் கூட்டம் எங்கே இருந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பணிமனைக்கு எந்த இடம் என்று முடிவானபோது, மாற்று இடங்களைக் குழு பரிசீலித்தபோது, நில உபயோகம் மாற்றப்பட்டபோது, நோட்டீசுகளைப் படித்தவர்கள் ஒரு சிலரே. பெருங்கூட்டம் வந்தது கோடரி வந்த பிறகு. சட்டம் வகுத்துள்ள நடைமுறையின் பிடியை மனுதாரர்கள் தவற விட்டுவிட்டார்கள் என்று ஹைகோர்ட்டே தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. கசப்பான வாசகம்தான். எனினும் ஊர் நன்மைக்குப் பாடுபட நினைக்கும் ஒவ்வோர் இளைஞரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய வாசகம் அது.

பின்னர் நடந்ததும் ஊரறிந்தது. 2020-ல் அப்போதைய மாநில அரசு பணிமனையைக் காஞ்சூர் மார்க்குக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஆரேயில் 800 ஏக்கருக்கு மேல் ஒதுக்கு வனமாக்கப்பட்டது. காஞ்சூர் நிலம் யாருடையது என்ற வழக்கில் அந்த மாற்றம் முடங்கியது. 2022-ல் வந்த அரசு ஆரேக்கே திரும்பியது. 84 மரங்களை வெட்ட மனுச் செய்ய அனுமதி பெற்ற மெட்ரோ நிர்வாகம் அதற்கு மேல் கேட்டதற்காக 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ரூ.10 லட்சம் அபராதம் விதித்தது. ஆயினும் 177 மரங்களுக்கு அனுமதியும் தந்தது. 2024 அக்டோபரில் முதல் பகுதியில் ரெயில் ஓடத் தொடங்கி, 2025 அக்டோபரில் பாதை முழுமை பெற்றது.

மறுபக்கமும் உண்டு

ரெயில் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மின்சார ரெயில் காரையும் ஸ்கூட்டரையும் குறைக்கும்; அதனால் புகை குறையும். உலகக் கொள்கை கேட்பதும் அதைத்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக மீட்டுக்கொள்ளும் டில்லி மெட்ரோ, கியோட்டோ ஒப்பந்தத்தின்படி கரியமில வாயுக் கணக்கில் வரவு பெற்ற ரெயிலாகும். புறநகர் ரெயிலில் பிதுங்கித் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் ஒரு தொழிலாளிக்கு மெட்ரோ ஒரு வரம் என்பதை மறுக்க யாராலும் முடியாது.

ஆகவே உலகக் கொள்கை என்ற தராசு ரெயிலையும் ஆதரித்தது, மரத்தையும் ஆதரித்தது. பாரிஸ் ஒப்பந்தத்தை எத்தனை முறை படித்தாலும் பணிமனை ஆரேயிலா காஞ்சூரிலா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அந்தப் பதில் இருந்தது வரைபடங்களிலும், நில ஆவணங்களிலும், மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற விவரத்திலும்தான். உலகக் கொள்கை திசையைக் காட்டும். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதை ஊர்க்காரன்தான் சொல்ல வேண்டும். இளைஞர்களின் விவாதங்களில் இன்று குறைவாக இருப்பது இந்தச் சந்து விவரம்தான். அது குறைவாக இருப்பதற்குப் பழி முழுவதையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது.

ஏணியை எடுத்தவர் யார்?

மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களைக் காக்க 1975-லேயே சட்டம் வந்துவிட்டது. மரம் வெட்ட அனுமதி கேட்டால், பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும். அந்த மரத்திலேயே நோட்டீசும் ஒட்ட வேண்டும். ஆட்சேபம் கேட்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நோட்டீசு பார்வைக்குத் தப்பும் அளவில், சர்க்கார் பாஷையில் வருகிறது. ஆட்சேபிக்கச் சில நாட்களே அவகாசம். காலை எட்டு மணிக்கு வகுப்புக்குப் போய் மாலை டியூஷன் முடிந்து வரும் மாணவருக்கு அது எட்டுவதேயில்லை.

1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், மூன்று லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும் என்றது. மும்பையில் அவை இருந்தன. ஆனால் கவுன்சிலர்கள் கூடும் சபையாகவே இருந்தன. 2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக் காலம் முடிந்த பின் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கவுன்சிலர்களும் இல்லாமல், அதிகாரியின் பொறுப்பிலேயே மாநகரம் நடந்தது. இடையில் பதினெட்டு வயதான லட்சக்கணக்கான வாலிபர்கள், தங்கள் வார்டுக்கு ஓட்டுப் போட்டு ஓர் உறுப்பினரை அனுப்பும் அனுபவமே இல்லாமல் அந்த ஆண்டுகளைக் கழித்தனர். கிராமத்தில் இருந்தால் கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். நகரத்தில் எங்கே நின்று கேட்பது? தமிழ்நாட்டின் நகரங்களில் 2022 நவம்பர் 1-ஆம் தேதி பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. குறைகள் இருக்கலாம், எனினும் நிற்பதற்கு ஓர் இடம் கிடைத்தது.

மொழித் தடையும் சிறியதன்று. தொழிற்சாலைகளும் அணைகளும் சுரங்கங்களும் அனுமதி பெறும் முறையையே மாற்றி எழுதும் வரைவு ஒன்றை மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்டது. நாடெங்கும் கொரோனா ஊரடங்கு. வரைவு இருந்ததோ ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும். அணைக்காக வீடிழக்கும் குடியானவர் எந்த மொழியில் அதைப் படிப்பார்? டில்லி ஹைகோர்ட் ஜூன் 30-ஆம் தேதி தலையிட்டு, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க உத்தரவிட்டது. அவகாசத்தையும் ஆகஸ்டு 11 வரை நீட்டியது. அதற்குள் பல மாநிலங்களில் இளைஞர்களே தங்கள் மொழியில் சுருக்கம் எழுதிப் பரப்பி, லட்சக் கணக்கில் கருத்துக்களை அனுப்பச் செய்தனர். அப்படிச் செய்த இளைஞர் அமைப்புக்களின் இணையதளங்கள் சில அந்தக் கோடையில் முடக்கப்பட்டன என்பது வருந்தத் தக்க செய்தி. கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, சொல்ல வைத்தவர்களைச் சந்தேகிப்பது எந்த வகையிலும் ஜனநாயகமாகாது.

பள்ளிகளில் சுற்றுப்புறச் சூழலைப் பாடமாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1991-லேயே உத்தரவிட்டது. பாடம் வந்தது. பரீட்சையும் வந்தது. ஓசோன் படலம் பற்றிப் பத்து மார்க்குக் கேள்வி உண்டு. மர ஆணையத்துக்கு ஆட்சேபம் எழுதுவது எப்படி, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுவது எப்படி என்பவை அந்தப் பாடத்தில் இல்லை. வானம் கற்பிக்கப்படுகிறது, கூரை கற்பிக்கப்படுவதில்லை. பிறகு பிள்ளைகளுக்குக் கோழி பிடிக்கத் தெரியவில்லை என்று பழமொழி சொல்வதில் பயனென்ன?

பிழைக்க வந்த ஊரா?

மும்பைத் தமிழர்களின் வீடுகளில் இன்னொரு பூட்டும் உண்டு. "பிழைக்க வந்த ஊர், நமக்கேன் இந்த வம்பு?" என்ற பேச்சு அது. தென்னாட்டார் மீது கல் விழுந்த அறுபதுகளைக் கண்ட தலைமுறைக்கு அந்த அச்சம் இயல்பே. ஆனால் அந்தத் தலைமுறையின் பேரப் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். மராட்டியில் சண்டை போடவும் சமாதானம் செய்யவும் தெரிந்தவர்கள். அவர்களுக்கு இது வந்த ஊரன்று, சொந்த ஊர்.

ஆரேயில் மரம் வெட்டினால் தாராவித் தமிழனுக்கு என்ன என்று கேட்பவர்கள் மித்தி ஆற்றின் வழியே ஒரு முறை நடந்து பார்க்கலாம். விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே மித்தி. ஏறக்குறைய 18 கிலோ மீட்டர் ஓடி, ஆரேயின் ஓரத்தையும் விமான நிலையத்தையும் குர்லாவையும் கடந்து, தாராவியின் விளிம்பைத் தொட்டு, மாகிம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. மேலே மழையை உறிஞ்சும் மண் குறைந்தால் கீழே வெள்ளம் கூடும். பணிமனை மித்தியின் நீர்ப்பிடிப்பில் வருகிறது என்பதும் அன்றைய வாதங்களில் ஒன்று; மெட்ரோ நிர்வாகம் அதை மறுத்தது. ஆனால் 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தபோது மித்திக் கரையில் வசித்தவர்கள் கழுத்தளவு நீரில் நின்றதை யாரும் மறுக்கவில்லை. அன்று ஆற்று நீர் எந்த வீட்டுக்காரனின் தாய்மொழியையும் விசாரிக்கவில்லை.

உள்ளூர்ச் செயலால் ஆவதென்ன என்று கேட்பவர்களுக்கும் தாராவியின் ஓரத்திலேயே பதில் இருக்கிறது. மித்திக் கரையில் இன்று மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்று 37 ஏக்கரில் அடர்ந்து நிற்கும் மரக்கூட்டம், ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை மேடு. இயற்கை ஆர்வலர்களின் முயற்சியால் மண் கொட்டி, கன்று நட்டு, 1994-ல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பை மேடு காடாக முடியும் என்பதற்குப் புத்தகச் சான்று தேவையில்லை. பஸ்சில் போனால் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

தாராவி இளைஞர்கள் உலக விவாதத்துக்குக் கொடுக்கக்கூடியதும் நிறைய இருக்கிறது. பிளாஸ்டிக் மாசைத் தடுக்க உலக ஒப்பந்தம் ஒன்று செய்வதென்று 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் முடிவெடுத்தன. குப்பை பொறுக்கிப் பிழைப்போரின் பங்கையும் அந்தத் தீர்மானம் கணக்கில் கொண்டது. அதன் பிறகு 2024-ல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடிய பேச்சுக்கள் உடன்பாடின்றிக் கலைந்தன. எந்தப் பிளாஸ்டிக்கை மறுபடி உருக்கலாம், எதை எந்த விலைக்கும் யாரும் வாங்கமாட்டார்கள், உருக்கும்போது எழும் புகை யாருடைய நெஞ்சில் இறங்குகிறது என்பதெல்லாம் ஜெனீவாவில் உட்கார்ந்திருந்த பலருக்குத் தெரியாது. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் தகப்பனுக்கு உதவியாகப் பிளாஸ்டிக் பிரித்த பையனுக்குத் தெரியும். அவன் அறிவு ஜெனீவாவுக்கும் வேண்டும், ஜி வடக்கு வார்டு ஆபீசுக்கும் வேண்டும். இரண்டு இடத்திலும் அவனை யாரும் கேட்கவில்லை.

செய்ய வேண்டியது

மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சில் பருவநிலைச் செயல் திட்டம் ஒன்றை வெளியிட்டது. இந்தியா 2070-க்கு வைத்துள்ள குறியை, நிகரக் கரி வெளியீடு பூஜ்யம் என்ற நிலையை, மும்பை 2050-லேயே அடையும் என்கிறது அது. பாராட்டத் தக்க லட்சியம். 2050-ல் இந்த நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டும் வரி கட்டிக்கொண்டும் இருக்கப் போகிறவர்கள் இன்றைய மாணவர்கள்தாம். கணக்கை முடிக்க வேண்டியவர்களைக் கூப்பிடாமலே கணக்கு எழுதுவது விவேகமாகாது.

பெரிய செலவில்லாமல் செய்யக் கூடியவை சில உண்டு. ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொதுக் கூட்டம் கூட்டி, குப்பை, மரம், வடிகால் ஆகிய மூன்றின் கணக்கையும் மக்கள் முன் படிக்கலாம். அதில் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குச் சில இடங்களை ஒதுக்கலாம். மரம் வெட்டும் நோட்டீசுகளை அந்தந்த வட்டாரத்துப் பள்ளி, கல்லூரி விளம்பரப் பலகைகளில், அங்கு வழங்கும் மொழிகளில் ஒட்டச் செய்யலாம். மாநகராட்சியே தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிற ஊரில் இது முடியாத காரியமன்று.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு விழாவில் "சுற்றுப்புறச் சூழலைக் காப்போம்" என்று பேச்சுப் போட்டி வைத்து, முதல் பரிசுக்கு எவர்சில்வர் குடம் கொடுப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார்டின் வடிகால் வரைபடத்தையும் அந்த மாதத்து நோட்டீசுகளையும் மேஜை மேல் விரித்து வைத்து, வக்கீல் ஒருவரையும் ஓய்வு பெற்ற இன்ஜினீயர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, பிள்ளைகளைப் படிக்கச் சொன்னால் போதும். இரண்டு பேருக்கும் மும்பைத் தமிழர்களிடையே பஞ்சமில்லை.

இளைஞர்களும் தங்கள் பங்குக்கு ஒன்றைச் செய்ய வேண்டும். உலக மகாநாட்டுத் தீர்மானத்தைப் படிக்கும் அதே அக்கறையோடு மாநகராட்சி நோட்டீசையும் படிக்கப் பழக வேண்டும். அது சுவாரஸ்யமான படிப்பல்ல, கைதட்டல் கிடைக்காது, படம் எடுத்துப் போட ஒன்றுமிருக்காது. ஆனால் கோடரி வருமுன் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து விடுபட்டு வாழ்வது குடிமக்களின் உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2024-ல் கூறியிருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் வார்டு ஆபீசு மேஜையில் வைக்க ஆள் வேண்டும்.

வானத்தைப் பற்றிப் பிள்ளைகள் பேசட்டும், பேசத்தான் வேண்டும். கூரை ஏறத் தெரியாதவர்கள் என்று அவர்களைக் கேலி செய்யுமுன், ஏணி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பெரியவர்கள் ஒரு முறை தேடிப் பார்க்கட்டும். பல வீடுகளில் அது பெரியவர்கள் கட்டிலுக்கடியிலேயே கிடக்கும்.